வெளிறிய பவளத்திட்டு மீள்கிறதா இல்லையா? இரண்டு செய்திகளும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

கயல்நிலா:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி.

2022இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பற்றி ஒரு செய்தி வந்தது. வடக்குப் பகுதியிலும் நடுப் பகுதியிலும் உயிருள்ள பவளம், கண்காணிப்பு தொடங்கிய 36 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் சொன்னது. வடக்கில் 36 சதவீதம், நடுவில் 33 சதவீதம். அதற்கு முன்பு 2016, 2017, 2020 என்று மூன்று பெரிய வெளிறல்கள் நடந்திருந்தன. அந்த 2022 கோடையிலும் ஒன்று. அவ்வளவுக்குப் பிறகும் சாதனை உயரமா என்று ஆச்சரியப்பட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றே ஆண்டில், 2025இல், அதே நிறுவனம் அதே அளவீட்டு முறையில் வடக்கிலும் தெற்கிலும் இதுவரை பதிவான மிகப் பெரிய ஓராண்டு வீழ்ச்சி என்று அறிவித்தது. வடக்கு சுமார் 40இலிருந்து 30 சதவீதத்துக்கு. தெற்கு 39இலிருந்து 27க்கு.

ஒன்றைக் காட்டி "பவளம் தானாகவே மீண்டுவிடும், கவலை வேண்டாம்" என்கிறார்கள். இன்னொன்றைக் காட்டி "எல்லாம் முடிந்தது" என்கிறார்கள். வெளிறிய திட்டு உண்மையில் எப்படி மீள்கிறது? கடலடியில் என்னதான் நடக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

---

உவர்நீர்த்தொட்டி:

நான் வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரைதான் பல பவளங்களுக்கு உணவின் பெரும்பகுதி, 90 சதவீதம் வரைகூட. தண்ணீர் அளவுக்கு மேல் சூடாகி வெயிலும் பலமாக இருந்தால், பாசிக்குள் ஒளிச்சேர்க்கை குலைந்து, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் பாசியினுடையது. அது போனதும் கண்ணாடி போன்ற திசுவும், அதன் வழியே தெரியும் வெள்ளை எலும்புக்கூடும்தான் மிச்சம்.

அந்த நிலையில் அது பட்டினி கிடக்கிறது. சூடு சில வாரங்களில் தணிந்தால் பாசி மறுபடி பெருகும், நிறம் திரும்பும். எல்லா இனமும் பட்டினியை ஒரே மாதிரி தாங்குவதில்லை. தடித்த திசு கொண்டவை சேமிப்புக் கொழுப்பில் மாதக்கணக்கில் ஓட்டும். ஹவாயில் மான்டிபோரா கேபிடாட்டா என்ற இனம் வெளிறியிருக்கும்போது மிதவை உயிரிகளை வழக்கத்தைவிடப் பல மடங்கு பிடித்துத் தின்று, தன் தேவை முழுவதையும் அதிலேயே ஈடுகட்டியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மெல்லிய கிளைகளுள்ள அக்ரோபோரா வகைகளுக்கு அந்த வசதி குறைவு. சில வாரங்களிலேயே திசு உரிந்து, எலும்பின் மேல் பச்சையாகப் பாசி படரும். அதுதான் சாவு.

ஆக, மீட்சி என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறோம். வெளிறிய பவளம் சாகாமல் நிறம் பெறுவது ஒன்று, அது மாதக் கணக்கு. செத்த இடத்தில் புதுப் பவளம் முளைத்துத் திட்டு மறுபடி நிறைவது இன்னொன்று, அது ஆண்டுக் கணக்கு, சிலவற்றுக்குப் பல பத்தாண்டு.

---

ஆழிநடை:

தொட்டிக்காரர் நன்றாகத் தொடங்கி வைத்துவிட்டார். கயல்நிலா கேட்ட இரண்டு செய்திக்கு வருகிறேன். நான் கடலடிக் கணக்கெடுப்பில் வேலை செய்தவன், ஆகவே எண் எப்படி வருகிறது என்பதிலிருந்தே போகலாம்.

அந்தக் கணக்கெடுப்பில் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, படகு அவரை மெதுவாகத் திட்டைச் சுற்றி இழுத்துப் போகும். இரண்டு இரண்டு நிமிடமாக நிறுத்தி, கீழே எத்தனை சதவீதம் உயிருள்ள கல்பவளம் என்று மதிப்பிட்டுக் குறிப்பார். நல்ல முறை. பெரிய பரப்பை, அதுவும் பல பத்தாண்டுகள் ஒரே மாதிரி அளக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் அது தரும் எண்ணில் எந்த இனம், எந்த வயது என்பது இல்லை. நூறு ஆண்டு வயதான பாறை போன்ற போரைட்டசும், மூன்று வயது மேசைப் பவளமும் அதில் ஒரே மதிப்புத்தான்.

2022இல் ஏறியது பெரும்பாலும் அக்ரோபோரா. மேசை போலவும் மான்கொம்பு போலவும் விரியும் வகை. கிளை நுனி ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். குன்று போல் வளரும் போரைட்டஸ் அதே ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடம் காலியாக இருந்து, நான்கைந்து ஆண்டு பெரிய தொந்தரவு இல்லாவிட்டால் அக்ரோபோரா பரப்பை மூடிவிடும். அறிக்கையை எழுதியவர்களே அதைத் தெளிவாகச் சொன்னார்கள்: இந்த ஏற்றம் வேகமாக வளரும் வகையால் வந்தது, வெப்பத்துக்கும் புயல் அலைக்கும் பவளம் தின்னும் முள்முடி நட்சத்திர மீனுக்கும் முதலில் பலியாவதும் அதே வகைதான் என்று. தலைப்புச் செய்தியில் அந்தப் பாதி விடுபட்டுப் போயிற்று.

2024 கோடையில் வெப்பம், புயல், நட்சத்திர மீன் மூன்றும் சேர்ந்து வந்தன. எது வேகமாக ஏறியதோ அதுவே வேகமாக இறங்கியது. இரண்டு செய்தியும் உண்மைதான், ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று.

என்னைக் கேட்டால், பரப்பு திரும்புவதும் திட்டு திரும்புவதும் ஒன்றல்ல. இந்த இழையில் யார் என்ன எண் கொடுத்தாலும் இதை மட்டும் கேளுங்கள்: எந்த வகை திரும்பியது, அடுத்த சூட்டுக்கு முன் அதற்கு எத்தனை ஆண்டு கிடைத்தது?

---

மெய்யறிவன்:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். யாரையும் புண்படுத்த அல்ல.

பவளம் சாவதைப் பற்றி எழுதும் அளவுக்கு, பவளம் மீண்டதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் ஸ்காட் ரீஃப் இருக்கிறது. 1998 வெளிறலில் பவளம் கிட்டத்தட்ட அழிந்து 9 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு 12 ஆண்டுக்குள் 44 சதவீதம். அருகில் வேறு திட்டே கிடையாது, 250 கிலோமீட்டருக்கு மேல் தனித்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து குஞ்சுகள் வந்து சேர வழியில்லாததால் மீளவே மீளாது என்று நினைத்த இடம் அது. மீண்டது. நம்பிக்கையோடு பேச ஆதாரம் இருக்கும்போது அதையும் சொல்ல வேண்டாமா? எல்லாம் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மிச்சமிருப்பதைக் காப்பாற்றவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

---

ஆழிநடை:

மெய்யறிவன் சொன்னது சரியான எடுத்துக்காட்டு. அதை முழுதாகப் பார்த்தால் இன்னும் நிறையத் தெரியும்.

பவளங்கள் பெரும்பாலும் ஆண்டில் சில இரவுகளில், முழுநிலவை ஒட்டி, முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. கரு சில நாளில் நீந்தும் லார்வாவாகி, பிடித்த இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்காட் ரீஃபில் 1998க்குப் பிறகு சுமார் ஆறு ஆண்டு இந்த ஒட்டுதல் பழைய அளவில் ஆறு சதவீதம்கூட இல்லை. தாய்கள் செத்துப் போயின, வெளியிலிருந்தும் வரத்து இல்லை. அப்போது பரப்பைத் தூக்கி நிறுத்தியது, அங்கங்கே தப்பிப் பிழைத்த துண்டுகள். அவை நன்றாக வளர்ந்து, பருவம் எய்தி, முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் குஞ்சுகள் பெருகின. அதற்கப்புறம் ஏற்றம் மளமளவென்று வந்தது.

அது நடக்க என்ன தேவைப்பட்டது? கழிவுநீரும் வண்டலும் இல்லாத தண்ணீர். பாசி மேயும் மீன்கள் நிறைய. எல்லாவற்றையும்விட, இடையில் இன்னொரு பெரிய சூடு வராத ஒரு பத்தாண்டுக்கு மேலான காலம்.

பிறகு 2016 வந்தது. அதே ஸ்காட் ரீஃப் மறுபடி பெருமளவு வெளிறிச் செத்தது.

ஆகவே பவளத்துக்கு மீளும் திறன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேகமாக வளரும் வகைக்கே நல்ல மீட்சிக்கு 10 முதல் 15 ஆண்டு வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டுக்குக் கடும் வெளிறல் 25, 30 ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. உலகெங்கும் நூறு இடங்களின் பதிவை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் அந்த இடைவெளி சுமார் ஆறு ஆண்டாகச் சுருங்கியிருந்தது. பவளத்தின் திறன் குறைந்ததா என்று கேட்பதற்கு முன்னால் அதற்கு நேரம் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

---

கயல்நிலா:

தப்பிப் பிழைத்த துண்டு என்றால் எப்படி? முழுப் பவளமும் வெள்ளையாகித்தானே போகிறது?

---

உவர்நீர்த்தொட்டி:

மேல்பக்கம் செத்தாலும் கீழ் விளிம்பு, நிழல் விழும் இடுக்கு, எலும்புத் துளைகளுக்குள் ஆழமாகப் போன திசு, இவை உயிரோடு இருக்கலாம். வெட்டிய மரம் அடியிலிருந்து துளிர்ப்பது போலத்தான். பிரெஞ்சு பாலினேசியாவில் ரங்கிரோவா என்ற பவளத்தீவில் 1998இல் பெரிய போரைட்டஸ் பவளங்கள் செத்தன. மெதுவாக வளரும் வகை ஆகையால் மீள நூறு ஆண்டு ஆகும் என்று கணித்தார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தால் மீண்டிருந்தன. எலும்புக்குள் ஒளிந்திருந்த திசு வெளியே வந்து பழைய கூட்டின் மேலேயே படர்ந்திருந்தது. அங்கே புதிதாகக் குஞ்சு ஒட்டி, தொடக்கத்திலிருந்து வளர வேண்டியிருக்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. ஆனால் செத்ததாகத் தெரியும் பெரிய பவளத்தை உடைத்து அகற்றக்கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

---

உப்புக்காற்று:

கல்லூரியில் கடல் சூழலியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதுவரை பவளத்தைப் பற்றியே பேசுகிறோம். அதன் போட்டியாளரைப் பற்றியும் பேச வேண்டும்.

பவளம் செத்ததும் அந்த எலும்பு காலியாக இருப்பதில்லை. சில நாளிலேயே மெல்லிய பாசி படரும். அதை மீன்களும் கடல் முள்ளெலிகளும் மேய்ந்துகொண்டே இருந்தால் பாறை சுத்தமாக இருக்கும். அங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் கல்போல் படியும் சுண்ணாம்புப் பாசி வரும். பவள லார்வா தேடுவது அதைத்தான். அதிலிருந்து வரும் வேதிக் குறிப்பை உணர்ந்துதான் பல இனங்கள் ஒட்டுகின்றன. மேய்ச்சல் இல்லாவிட்டால் மெல்லிய பாசி தடித்து, பிறகு பெரிய இலைப் பாசியாகி நிற்கும். லார்வாவுக்கு ஒட்ட இடமில்லை, ஒட்டியதும் நிழலில் மூச்சுமுட்டிச் சாகும். ஒருமுறை பாசிக் காடு வளர்ந்து முற்றிவிட்டால் மீன்களும் அதை அவ்வளவாகத் தின்னாது. அப்புறம் அந்தத் திட்டைத் திருப்புவது மிகக் கடினம்.

இதற்கு இருக்கும் மிகத் தெளிவான ஆய்வு சீஷெல்ஸ் தீவுகளில் நடந்தது. 1998இல் அங்கே பவளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போயிற்று. 21 திட்டுகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தார்கள். 12 மீண்டன. 9 பாசிக் காடாயின. ஒரே நாடு, ஒரே வெப்பம், ஒரே ஆண்டு! எது பிரித்தது என்று தேடினால் ஐந்து விஷயங்கள் வந்தன: ஆழம், பாறையின் மேடுபள்ளம், இளம் பவளங்களின் அடர்த்தி, பாசி தின்னும் மீன்களின் அளவு, தண்ணீரில் ஊட்டச்சத்து. வெளிறலுக்கு முன்பு இருந்த ஆழமும் மேடுபள்ளமும் தெரிந்தாலே எந்தத் திட்டு எந்தப் பக்கம் போகும் என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்ல முடிந்தது. சுமார் 6.6 மீட்டருக்குக் கீழே இருந்தவை மீளும் பக்கம் சாய்ந்தன.

மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும். அந்த 12 திட்டும் பாடுபட்டு மீண்டுகொண்டிருந்தபோது 2016இல் மறுபடி வெளிறின.

---

மெய்யறிவன்:

> பாசி தின்னும் மீன்களின் அளவு

அப்படியென்றால் மீன்பிடியைக் கட்டுப்படுத்தினால் மீட்சி வந்துவிடுமா? இது செய்யக்கூடிய வேலையாகத் தெரிகிறது.

---

உப்புக்காற்று:

வெளிறலை அது தடுக்காது ஐயா. தண்ணீரின் சூட்டை மீன் குறைக்காது. காப்பகங்களுக்குள்ளும் வெளியிலும் ஒரே அளவு வெளிறியதைப் பல இடங்களில் பார்த்துவிட்டார்கள். ஆனால் வெளிறிய பிறகு எந்தப் பக்கம் சாயும் என்பதில் மேய்ச்சலுக்குப் பங்கு உண்டு.

கரீபியனில் 1983, 84இல் ஒரு நோய் வந்து நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. ஜமைக்காவில் கிளிமீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். மேய்வதற்கு மிச்சமிருந்தது முள்ளெலி மட்டும், அதுவும் போனதும் பாசி எல்லாவற்றையும் மூடியது. 1970களின் இறுதியில் பவளம் பாதிக்கு மேல் இருந்த இடங்கள் 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே போயிருந்தன. இந்தப் பாடத்தால்தான் பெலிஸ் 2009இலும் பொனேர் 2010இலும் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தன.

கிளிமீன் பாறையையும் சேர்த்துக் கொரிக்கும். அப்படிக் கொரித்து வெளியேற்றுவதுதான் பல வெண்மணல் கரைகளின் மணல். திட்டு நன்றாக வளரும்போது இந்த அரிப்பு ஒரு பொருட்டில்லை. பவளம் செத்தபின் அரிப்பு தொடர்கிறது, கட்டுமானம் நின்றுவிடுகிறது. மாலத்தீவின் தெற்குத் திட்டுகளில் 2016க்குப் பிறகு அளந்தபோது, ஆண்டுதோறும் சேரும் சுண்ணாம்பைவிடக் கரைவது அதிகமாகியிருந்தது. திட்டு மெல்ல மெல்லத் தேய்கிறது என்று அர்த்தம்.

---

நுரைத்தடம்:

படித்துக்கொண்டே இருந்தேன், இங்கே ஒரு சந்தேகம். மேடுபள்ளம் இருந்தால் மீளும் என்கிறீர்கள். உவர்நீர்த்தொட்டி செத்த எலும்பை உடைக்காதே என்கிறார். ஆனால் மூரியா தீவில் இதற்கு நேர் எதிரான முடிவு வந்ததாகப் படித்தேனே?

---

ஆழிநடை:

நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட.

பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியாவில் 2006 முதல் முள்முடி நட்சத்திர மீன்கள் பெருகிப் பவளத்தைத் தின்றன. 2010இல் ஓலி புயல் வந்து செத்த கிளைகளையெல்லாம் துடைத்தெறிந்தது. வெளிச்சரிவில் கிட்டத்தட்ட மொட்டைப் பாறைதான் மிஞ்சியது. பார்த்தவர்கள் மனம் உடைந்திருப்பார்கள். ஆனால் அந்த மொட்டைப் பாறையில் மீன்கள் நன்றாக மேய்ந்தன, குஞ்சுகள் ஒட்டின, சில ஆண்டிலேயே பவளம் அசாதாரணமாக மீண்டது.

2019இல் அதே இடம் வெளிறியது. இந்தமுறை புயல் இல்லை. செத்த கிளைகள் நின்றபடியே இருந்தன. அந்தக் கிளைகளுக்கு நடுவே மீனின் வாய் எட்டாத இடுக்குகளில் பாசி ஒளிந்து வளர்ந்தது. எலும்பை அகற்றிய இடத்தையும் விட்டுவைத்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விட்டுவைத்த இடத்தில்தான் பாசி ஓங்கியது.

இதனால் சீஷெல்ஸ் முடிவு பொய்யாகிவிடாது. அங்கே பேசுவது திட்டின் பெரிய மேடுபள்ளம், மீன்கள் நுழைந்து தங்கும் அளவு. இங்கே பேசுவது விரல் தடிமன் செத்த கிளைகளின் நெருக்கம், மீன் நுழையாத அளவு. ரங்கிரோவாவில் உதவியது திடமான பெரிய போரைட்டஸ். வெளிறலுக்கு உரிய தனிக் குணமே இதுதான்: புயல் திசுவையும் எலும்பையும் சேர்த்து எடுத்துப் போகும், வெப்பம் திசுவை மட்டும் கொன்று எலும்பை நிறுத்திவிட்டுப் போகும். வெளிறலுக்குப் பிந்தைய மீட்சி வேறு அழிவுகளுக்குப் பிந்தைய மீட்சியிலிருந்து மாறுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதற்காக யாரும் கடலுக்குள் போய்க் கிளைகளை உடைக்கத் தொடங்கிவிட வேண்டாம். இறந்ததையும் பிழைத்ததையும் பிரித்தறிவது சுலபமில்லை.

---

கயல்நிலா:

ஊட்டச்சத்து அதிகமானால் பாசிக்கு லாபம், பவளத்துக்குக் கேடு. இதுவரை சரியாகப் புரிந்துகொண்டேனா?

---

உப்புக்காற்று:

கழிவுநீர், உரம் வழியே வரும் ஊட்டச்சத்துக்கு அது பொருந்தும். குறிப்பாக நைட்ரேட் கூடிப் பாஸ்பேட் குறைந்தால் பவளத்துக்குள் இருக்கும் பாசியின் சமநிலை கெட்டு, குறைந்த சூட்டிலேயே வெளிறிவிடும்.

ஆனால் சாகோஸ் தீவுகளில் நடந்ததைக் கேள். அங்கே சில தீவுகளில் எலிகள் இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. எச்சம் மண்ணில் சேர்ந்து மழையில் கடலுக்கு வருகிறது. பறவைகள் சேர்க்கும் நைட்ரஜன், எலி உள்ள தீவுகளைவிட 250 மடங்கு. பறவைத் தீவுகளைச் சுற்றியுள்ள திட்டில் மீன் எடை சுமார் பாதி அளவு கூடுதல். கிளிமீன்கள் மேய்வதும் அதிகம்.

2016 வெளிறலில் பவளம் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் செத்தது. பறவைகள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அதன்பின் சுண்ணாம்புப் பாசி பறவைத் தீவுகளைச் சுற்றித்தான் பெருகியது. அக்ரோபோரா வளர்ச்சியும் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிறகு அளந்தார்கள். தீவில் எலியை ஒழிப்பது பவளத்திட்டுக்குச் செய்யும் உதவி என்று யார் நினைத்திருப்பார்கள்! கரையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை இது. எனக்கு இதில் நிஜமான நம்பிக்கை இருக்கிறது.

---

நுரைத்தடம்:

பவளத்தை நர்சரியில் வளர்த்து நடுகிறார்களே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காணொளிகளில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது.

---

உவர்நீர்த்தொட்டி:

துண்டு வெட்டி ஒட்டுவது தொழில்நுட்பமாகக் கடினமே இல்லை, நாங்கள் தொட்டியில் செய்வதும் அதுதான். இந்தோனேசியாவின் சுலவேசியில் வெடி வைத்து மீன் பிடித்ததால் சல்லியாகிப்போன இடத்தில் இரும்புச் சட்டங்களை நிறுத்திப் பவளம் கட்டினார்கள். நான்கு ஆண்டில் சுண்ணாம்பு சேரும் வேகம் அருகிலிருந்த ஆரோக்கியமான திட்டுக்குச் சமமாகிவிட்டது. சல்லி புரண்டுகொண்டே இருந்தால் குஞ்சு தானாக நிலைக்காது, அங்கே மனிதக் கை உண்மையாகவே உதவியது.

ஆனால் அங்கே அழிவுக்குக் காரணம் வெடி, அதை நிறுத்திவிட்டார்கள். வெப்பம் காரணமாக இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. ஃபுளோரிடாவில் பல ஆண்டுகளாக மான்கொம்பு, எல்க்கொம்புப் பவளங்களை வளர்த்து நட்டார்கள். 2023 கோடையில் மனாட்டி பே என்ற ஆழமில்லாத விரிகுடாவில் தண்ணீர் 38 செல்சியசைத் தாண்டியது. நர்சரியிலிருந்தவற்றை அள்ளிக்கொண்டு கரைத் தொட்டிகளுக்கு ஓடினார்கள். ஃபுளோரிடா கீஸ் பகுதியில் இந்த இரண்டு இனங்களிலும், இயற்கையாக இருந்தவை நட்டவை எல்லாம் சேர்த்து, 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தன. அங்கே அவை திட்டு கட்டும் இனங்களாக இனி இயங்கவில்லை என்றே 2025இல் எழுதிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

---

மெய்யறிவன்:

சூட்டைத் தாங்கும் பவளம் என்று ஒன்று இல்லையா? பழகிக்கொள்ளாதா?

---

ஆழிநடை:

ஓரளவு பழகும். பவளம் எந்தப் பாசியை வைத்திருக்கிறது என்பதில் ஒரு வழி இருக்கிறது. டுருஸ்டினியம் என்ற பாசி வகை வெப்பத்தைத் தாங்கும். வெளிறிய பிறகு பல பவளங்களில் இந்த வகை ஓங்குகிறது. தாங்கும் எல்லை சுமார் 1 முதல் 1.5 செல்சியஸ் கூடுவதை அளந்திருக்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு. இளம் அக்ரோபோராவில் ஒப்பிட்டபோது, வழக்கமான கிளாடோகோபியம் வகைப் பாசியுள்ளவை இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. தாங்குதிறன் வேண்டுமென்றால் வளர்ச்சியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பசிபிக்கில் கிரிதிமாத்தி தீவில் 2015–16இல் சூடு சுமார் பத்து மாதம் நீடித்தது. பவளத்தில் பெரும்பகுதி செத்தது. ஆனால் சில மூளைப் பவளங்கள், தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும்போதே, டுருஸ்டினியத்தைச் சேர்த்துக்கொண்டு நிறம் பெற்றன. சூடு தணிந்தால்தான் மீட்சி என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம். அது நடந்தது குடியிருப்பும் கழிவும் அதிகமில்லாத பக்கத்தில். உள்ளூர்த் தண்ணீரைச் சுத்தமாக வைப்பதால் பலனில்லை என்பவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இது.

ஆனாலும் ஒன்றரை டிகிரி தாங்குதிறனை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவது? 2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை உலகின் பவளத்திட்டுப் பரப்பில் 84 சதவீதம் வெளிறும் அளவு வெப்பத்தைக் கண்டது. இது நான்காவது உலகளாவிய வெளிறல். செயற்கைக்கோள் எச்சரிக்கையில் முன்பு இரண்டு நிலைதான் இருந்தது. போதவில்லை என்று 2023 இறுதியில் ஐந்தாம் நிலை வரை கூட்டினார்கள்.

---

கயல்நிலா:

எல்லோருக்கும் நன்றி. இனி ஒரு ஆண்டறிக்கை வந்தால் சதவீதத்துக்கு அப்பால் எதைத் தேடிப் படிக்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுங்கள்.

---

உப்புக்காற்று:

முதலில் இளம் பவளங்களின் எண்ணிக்கை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவானவை. அது இருந்தால்தான் அடுத்த பத்தாண்டு. கிரேட் பேரியர் ரீஃபில் 2016, 17 வெளிறலுக்குப் பிறகு, 2018இல் ஒட்டிய குஞ்சுகள் முந்தைய சராசரியைவிட 89 சதவீதம் குறைவு. பெரிய பவளங்கள் பார்வைக்கு நின்றுகொண்டிருந்த இடத்திலும் தொட்டில் காலியாக இருந்தது. உயிர் பிழைத்தவை பட்டினியிலிருந்து தேறி மறுபடி முட்டையிடவே ஓரிரு ஆண்டு ஆகும்.

அப்புறம் இனக் கலவை. மேசையும் மான்கொம்பும் மட்டுமா, அல்லது மூளைப் பவளம், போரைட்டஸ் போன்றவையும் உண்டா என்று பார். அறிக்கையில் அது இல்லாவிட்டால் எழுதியவர்களிடமே கேட்கலாம், பெரும்பாலும் தனியாகத் தரவு வைத்திருப்பார்கள்.

---

ஆழிநடை:

அதோடு கணக்கெடுத்த மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிறல் உச்சத்தில் எடுத்த கணக்கில் வெள்ளையாக நிற்பதும் உயிருள்ள பவளமாகத்தான் சேரும், சேரவும் வேண்டும். அவற்றில் எத்தனை செத்தன என்பது அடுத்த ஆண்டு எண்ணில்தான் தெரியும். 2024 கோடையின் சேதம் பெரும்பாலும் 2025 அறிக்கையில் வெளிப்பட்டதற்கு அதுவே காரணம். 2025 தொடக்கத்திலும் வடக்குப் பகுதி ஒருமுறை வெளிறியது. அதன் கணக்கையும் அதற்கு அடுத்த ஆண்டு எண்ணில் தேடுங்கள்.